மஸ்கட்டில் மணலைத் தவிர என்ன இருக்கு?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடி வாசகர், 2 பெப்ரவரி 2025

ஏப்ரல் லீவுக்கு ஓமான் போவோமா என்று வீட்டில் ஒரு கதை ஓடுது. மச்சான் அங்கே வேலை செய்கிறார், தங்க இடம் இருக்கு. எனக்குத்தான் மனம் வரவில்லை. பாலைவனம் என்றால் மணல். கல்லடியில் மணல் வாசலில் கிடக்கு, அதைப் பார்க்க நாலரை மணி நேரம் பறக்க வேணுமா? மஸ்கட்டும் டுபாய் மாதிரிக் கண்ணாடிக் கட்டடங்கள்தானே? போய் வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

2 பெப்ரவரி, இரவு

பெறுமதி. ஜனவரி நடுவில் போய் ஏழு நாள் நின்றேன். என் செருப்பைத் தட்டினால் இன்னும் செம்மணல் விழும்.

மஸ்கட் டுபாய் மாதிரி இல்லை. அங்கே வானத்தை முட்டுகிற கட்டடங்கள் கட்ட விடுவதில்லை. வெள்ளையும் சந்தன நிறமுமாகத் தணிந்த வீடுகள். பின்னால் ஒரு புல்லும் முளைக்காத கறுத்த மலை, முன்னால் கடல், இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடுக்குகளில் ஊர். மத்ரா ஒரு பள்ளத்தில், பழைய மஸ்கட் மலைக்கு அந்தப் பக்கம், ரூவி இன்னொரு பள்ளத்தில். ஒரே நகரம் என்று நினைத்துப் போனால் முதல் நாள் குழப்பம்தான். 1970இல் சுல்தான் கபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாடு முழுவதற்கும் 10 கிலோமீற்றர் அளவில்தான் தார் வீதி இருந்ததாம். பழைய மஸ்கட்டின் வாசற்கதவை இரவில் பூட்டிவிடுவார்களாம். ஒரு ஆயுள் காலத்துக்குள் இவ்வளவு மாற்றம் நடந்த ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆறு நாள் என்றால் மஸ்கட்டுக்கு இரண்டு நாள், மணலில் ஒரு இரவு, மிச்சமெல்லாம் உள்நாட்டில் இருக்கிற நிஸ்வா என்ற பழைய ஊர்ப் பக்கம். மணல் ஒரு அந்திப்பொழுதுக்குப் போதும். நீங்கள் அங்கே பார்க்க வேண்டியது தண்ணீரை. நாளைக்கு எழுதுகிறேன், இங்கே கரண்ட் போய்ப் போய் வருது.

3 பெப்ரவரி

அப்பா, உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற ஒரு வயல் வட்டையில் பதினொரு வருடம் வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்க்கிறவராக இருந்தவர். சிறுபோகம் வந்தால் எங்கள் வீட்டுப் படலையில் எந்த நேரமும் யாராவது நிற்பார்கள். “என்ர முறை நேத்து, தண்ணி வரல்ல” என்று ஒருவர். “மேல் வயல்காரன் ராவோட ராவா வக்கடையை வெட்டிட்டான்” என்று இன்னொருவர். அப்பா டோர்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வாய்க்காலோரமாக நடப்பார். பத்து வயதில் நானும் பின்னால் போயிருக்கிறேன். மழை குறைந்த வருடம் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவரின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் ஓமானைப் பார்த்தேன், அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

மட்டக்களப்பில் வருடத்துக்கு 1600 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மஸ்கட்டில் 100 மில்லிமீற்றர் அளவுதான். எங்களுக்கு மார்கழியில் ஒரே நாளில் அவ்வளவு பெய்துவிடும். அப்படியென்றால் அந்தப் பேரீச்சந்தோட்டங்கள் எப்படிப் பச்சையாக நிற்கின்றன?

நிஸ்வாவுக்குக் கொஞ்சம் முன்னால் மலையடியில் பிர்கத் அல் மௌஸ் என்று ஒரு ஊர். பெயருக்கு வாழைக் குளம் என்று பொருள், ஈச்சை மரங்களுக்குக் கீழே உண்மையிலேயே வாழை நிற்கிறது. மேட்டில் இடிந்த மண்வீடுகள். அந்த ஊருக்கு வருகிற வாய்க்காலின் பெயர் ஃபலஜ் அல் கத்மீன். ஃபலஜ் என்றால் என்ன என்று கேட்பீர்கள். மலையடியில் தண்ணீர் ஊறும் இடத்தில் ஆழமாக ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து ஊர்வரை, சில இடங்களில் பல கிலோமீற்றர், நிலத்துக்கு அடியில் ஒரு சுரங்க வாய்க்கால். சரிவு மிகக் குறைவு. கூடினால் தண்ணீர் அடியை அரித்துவிடும், குறைந்தால் நின்றுவிடும். மின்சாரம் இல்லை, பம்ப் இல்லை. இரவும் பகலும் தானே ஓடி வந்து ஊருக்குள் வெளிச்சத்துக்கு வரும்.

வெளியே வந்ததும் முதலில் குடிக்க எடுக்கிற இடம். அதற்குக் கீழே பள்ளிவாசல். அதற்குக் கீழே குளிக்க, துவைக்க. அதன் பிறகுதான் ஈச்சந்தோட்டம். கடைசியில் வெங்காயம், கோதுமை, மாட்டுப்புல் போன்ற போகப் பயிர்கள். தண்ணீர் வற்றினால் கடைசி நிலத்தைத் தரிசாக விடுவார்கள், மரத்துக்குக் குறைய விடமாட்டார்கள். எங்கள் போக ஆரம்பக் கூட்டத்தில் குளத்தின் மட்டத்தைப் பார்த்து இந்தச் சிறுபோகம் இத்தனை ஏக்கர்தான் என்று முடிவு எடுக்கிறோமே, அதே கணக்கு.

எனக்குத் தொண்டை அடைத்த இடம் இது: அந்த ஃபலஜ் ஊருக்குள் ஒரு இடத்தில் மூன்றாகப் பிரிகிறது. கல்லில் கட்டிய மூன்று வாய், மூன்றும் சமம். ஒரு மணித்தியாலம் அதன் பக்கத்தில் குந்தியிருந்தேன். காலை விட்டால் சின்ன மீன்கள் வந்து கடிக்கும். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரை அங்கே கொண்டுபோய் இருத்தியிருப்பேன்.

பங்கு நேரத்தில்தான். ஒருவருக்கு இத்தனை அதர் என்று இருக்கும், ஒரு அதர் ஒரு மணித்தியாலம். பகலில் நிலத்தில் நட்ட கம்பின் நிழலைப் பார்த்து முறை மாற்றுவார்கள். இரவில் வெள்ளிகளை, அதாவது நட்சத்திரங்களைப் பார்த்து. மலை விளிம்பில் இன்ன வெள்ளி ஏறினால் இன்னாரின் முறை முடிந்தது. எங்கள் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் அவர்களின் கணக்கில் இருக்கு. இப்போது பெரும்பாலும் கைமணிக்கூடுதான் என்றாலும் அந்தக் கணக்கு தெரிந்த வயதானவர்கள் இருக்கிறார்கள்.

3 பெப்ரவரி, பின்னேரம்

ஒரு திருத்தம். ஒரு அதர் என்பது அரை மணித்தியாலம். குறிப்புக் கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 48. சுற்று முடிந்து உங்கள் முறை திரும்ப வர ஊரைப் பொறுத்து ஒரு கிழமையோ அதைவிடக் கூடவோ ஆகும்.

இதை நடத்துகிறவரை வகீல் என்கிறார்கள். வாய்க்காலுக்கே சொந்தமாகச் சில பங்குகள் உண்டு. அவற்றை ஏலம் விட்டு வருகிற காசில் சேறு அள்ளுவது, இடிந்த இடத்தைக் கட்டுவது எல்லாம் நடக்கும். வட்டவிதானைமார் யாராவது இதை வாசித்தால் அந்த ஏல விசயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் வாய்க்காலைத் துப்பரவாக்கச் சிரமதானத்துக்கு ஆள் சேர்க்க அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஓமானில் இன்றைக்கும் 3000 ஃபலஜ்களுக்கு மேல் ஓடுகின்றன. ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது, அல் கத்மீனும் அதில் ஒன்று. சுலைமான் நபி பறக்கும் கம்பளத்தில் வந்து, நாட்டின் வறட்சியைப் பார்த்து, பத்து நாளில் பத்தாயிரம் வாய்க்கால் வெட்டச் சொல்லி ஜின்களுக்குக் கட்டளை போட்டார் என்று ஊர்க்கதை சொல்கிறது.

5 பெப்ரவரி

“தண்ணீர்க் கதை போதும், மணலைச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். சரி.

நான் போனது வாஹிபா மணல், இப்போது ஷர்கியா மணல் என்றும் சொல்கிறார்கள். வடக்குத் தெற்காக 180 கிலோமீற்றர், கிழக்கு மேற்காக 80. மஸ்கட்டில் இருந்து மூன்று மணி நேரம் ஓடினால் பிதியா என்ற ஊர். அங்கே ஒரு கடையில் நிறுத்தி நாலு டயரிலும் காற்றைக் குறைத்தார்கள். டயர் தட்டையாகப் பரந்தால்தான் மணலில் மிதக்கும். அப்படியிருந்தும் ஒரு மேட்டின் உச்சியில் எங்கள் வாகனம் வயிறு வரை புதைந்தது. சாரதி ஒரு சொல் பேசவில்லை. இறங்கிக் கையால் மணலை வாரினார், இன்னும் கொஞ்சம் காற்றை விட்டார், பின்பக்கமாகவே எடுத்தார். காற்று அடிக்கிற பக்கத்து மணல் இறுகியிருக்கும், மறுபக்கம் பொலபொலவென்று இருக்கும் என்று பிறகு காட்டித் தந்தார். வயலுக்குள் உழவு மெசின் இறக்குகிறவன் சேற்றைப் பார்க்கிற பார்வை அவருக்கும் இருந்தது.

கல்லடி மணலும் இதுவும் ஒன்று இல்லை. எங்கள் மணல் ஈரம், உப்பு, காலில் ஒட்டும். இது மாவு மாதிரி, பின்னேரம் ஆக ஆகச் செங்கல் நிறத்துக்கு வரும். சில மேடுகள் 100 மீற்றர் உயரம். ஏறும்போது இரண்டு அடி வைத்தால் ஒரு அடி கீழே இழுக்கும். உச்சியில் இருந்தபோது எனக்குப் புதுமையாகப் பட்டது சத்தம் இல்லாததுதான். தவளை இல்லை, சில்வண்டு இல்லை, தூரத்தில் ஒரு மோட்டார்ச் சைக்கிள் கூட இல்லை. வாவிக் கரையில் வளர்ந்தவனுக்கு அது முதலில் பயத்தைத்தான் தந்தது.

காலையில் எழும்பிப் பார்த்தால் போர்வை நனைந்திருந்தது. மழை இல்லை, பனி. கடல் கிழக்கே பக்கத்தில்தான், இரவில் அந்த ஈரம் வந்து இறங்குகிறது. அந்த ஈரமும் ஆழத்தில் இறங்கிய வேரும் சேர்ந்துதான் அங்கே மரத்தை நிறுத்துகின்றன. அவர்கள் காஃப் என்கிற அந்த மரம் எங்கள் வன்னி மரமேதான்! விஜயதசமிக்கு எங்கள் கோயிலில் மானம்பூத் திருவிழாவில் வாழையோடு கட்டுகிற அதே வன்னிக் கிளை. ஒட்டகம் கழுத்தை நீட்டி அதைத் தின்றுகொண்டு நின்றது. இலையைக் கிள்ளிப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகு எனக்கு அந்த இடம் அந்நியமாக இருக்கவில்லை.

வெறும் மணல் என்று நினைக்கிறவர்களுக்கு: 1980களின் நடுவில் பிரித்தானிய அரச புவியியல் சங்கத்து ஆய்வாளர்கள் அங்கே நின்று 150 வகைச் செடிகொடிகளைக் கணக்கெடுத்தார்கள். வண்டு பூச்சிகள் ஆயிரக்கணக்கில். விடியற்காலை வண்டும் பல்லியும் நரியும் போன தடங்கள் மணல் முழுக்க இருக்கும், எட்டு மணிக்கு முன் பாருங்கள். பிறகு காற்று அழித்துவிடும்.

பாலைவனத்து மக்களான பெதுவின் வீட்டார் ஒருவரின் கூடாரத்தில் கஹ்வாவும், அதாவது அரபுக் கோப்பியும், ஈச்சம்பழமும் தந்தார்கள். சின்னக் கிண்ணம், ஏலக்காய் வாசம், சீனி இல்லை. நான் குடிக்கக் குடிக்க வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டே இருந்தார். எட்டுக் கிண்ணம். உபசரிப்பு என்றால் அப்படி.

6 பெப்ரவரி

சின்னக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. ஒரு ரியாலுக்கு 1000 பைசா, நூறு பைசாவுக்கும் தாள் உண்டு, சில்லறை எண்ணும்போது கவனம். நேரம் எங்களைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். மஸ்கட்டின் பெரிய பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களை வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் காலை எட்டு முதல் பதினொரு மணி வரை விடுகிறார்கள். பெண்கள் தலையை மூடவேண்டும், கையும் காலும் தெரியாத உடுப்பு, ஆண்களுக்கு நீளக் காற்சட்டை. வெள்ளி காலையில் நிஸ்வாவில் ஆட்டுச் சந்தை, அதை விடாதீர்கள். விற்கிறவர் ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி வட்டமாகச் சுற்றி நடப்பார், வாங்குகிறவர்கள் நடுவிலும் ஓரத்திலும் நின்று விலை சொல்லுவார்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சோறு எங்கேயும் உண்டு. ஏப்ரல் நல்ல காலம்தான்.

9 பெப்ரவரி

மஸ்கட் நகரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டவருக்கு.

பெரிய பள்ளிவாசல் 2001இல் திறந்தது. உள்ளே விரித்திருக்கிற ஒற்றைக் கம்பளம் 70 மீற்றருக்கு 60 மீற்றர், 600 பெண்கள் நாலு வருடம் கையால் முடிந்தது. விளக்குக் கொத்து 14 மீற்றர் உயரம். அழகு. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது பழைய மஸ்கட்டின் இரண்டு கோட்டைகள்.

குடாவின் இரண்டு பக்கத்திலும் பாறைக்கு மேலே ஒன்று ஜலாலி, ஒன்று மிரானி. நடுவில் சுல்தானின் மாளிகை. இரண்டும் போர்த்துக்கேயர் 1580களில் கட்டியவை. அவர்களின் தளபதி அல்புகெர்க் 1507இல் வந்து ஊரைப் பிடித்துக் கொளுத்தினான். 1650இல் ஓமானை ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃப் போர்த்துக்கேயரை விரட்டினார். நிஸ்வாவில் இருக்கிற பெரிய வட்டக் கோட்டையும் அவர் கட்டியதுதான், பன்னிரண்டு வருட வேலை. வாசலை உடைக்க வருகிறவன் தலையில் கொதிக்கிற ஈச்சம்பாகை ஊற்ற மேலே ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள்.

இப்போது மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக்கு வாருங்கள். எங்கள் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628. பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து பிடித்துவிட்டார்கள். அதாவது புளியந்தீவில் தோற்றவர்கள் மஸ்கட்டில் இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தார்கள். ஒரே கடலின் இரண்டு கரையில் ஒரே ஆட்கள். மிரானிக்குக் கீழே நின்றபோது, நெடுங்காலம் கச்சேரி இயங்கிய எங்கள் கோட்டை மதில்தான் ஞாபகம் வந்தது. ஒரு சான்றிதழுக்காக அதற்குள்ளே வெயிலில் வரிசையில் நின்றிருக்கிறேன், நிமிர்ந்து மதிலைப் பார்த்ததில்லை. திரும்பி வந்த மறுநாள் போய்ச் சுற்றிப் பார்த்தேன். எங்களிடம் பத்து வருடம் நின்றவர்கள் விட்டுப்போன மொழியைப் பறங்கியர் வீடுகளில் இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து மஸ்கட்டில் அப்படி ஒன்று இல்லை, கோட்டை மட்டும்தான்.

மத்ரா சந்தைக்கு அந்தியில் போங்கள். ஒடுங்கிய கூரைபோட்ட சந்து, லுபான் என்கிற மரப்பிசினின் புகை. எங்கள் சாம்பிராணியைவிட எலுமிச்சை வாசம் கூடின புகை. தெற்கே தோபாரில் மரத்தைக் கீறி எடுக்கிறார்கள். வெளியே வந்தால் நேரே கடற்கரை வீதி.

10 பெப்ரவரி

காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் கேட்டிருக்கிறார்: “மஸ்கட்டப் பத்தி இவ்வளவு எழுதுறீங்க, மஸ்கட்ட மறந்திட்டீங்களே?”

உண்மைதான்! காத்தான்குடிக் கடைகளில் நெய் வடிய, கஜு பதித்து, சிவப்பும் பச்சையுமாகத் துண்டு போட்டு வைத்திருப்பார்களே, அந்த மஸ்கட். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வரும். அந்த ஊரின் பெயரை வாயில் போட்டுத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம். அங்கே அதற்கு அல்வா என்றே பெயர். மாச்சத்து, சீனி, நெய், குங்குமப்பூ, ஏலம், பன்னீர் எல்லாம் போட்டுப் பெரிய செம்புச் சட்டியில் மணிக்கணக்காகத் துழாவுகிறார்கள். நிறம் கறுப்புக்குக் கிட்ட. கரண்டியால் எடுத்துத் தின்ன வேண்டும், துண்டு நிற்காது. எங்கள் ஆட்கள் கோதுமை மாவைக் கரைத்துப் பால் எடுத்துச் செய்கிறார்கள், அதனால்தான் பல்லில் இழுபடுகிற அந்தப் பதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்குக் காத்தான்குடி மஸ்கட்தான். காக்காவுக்காகச் சொல்லவில்லை, பதம் அப்படி.

12 பெப்ரவரி

நேற்று ஒரு தங்கச்சி இங்கே எழுதியதை வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. “கோட்டை, வாய்க்கால், ஒட்டகம் எல்லாம் எழுதினீங்கள். எங்கட ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் அந்த நகரத்து வீடுகளுக்குள்ள வருசக்கணக்கா இருந்தவங்க. அவங்களிட்ட ஒரு சொல் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. என் சின்னம்மாவே மஸ்கட்டில் நாலு வருடம் வீட்டு வேலை செய்தவர். 1994இல் போனவர். யுத்தகாலம். மண்முனையில் அப்போது பாலம் இல்லை, பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் துறையைக் கடக்க வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து அவர் ஒரு சின்னப் பையோடு போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அனுப்பிய காசில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஓடு போட்டோம். நான் போகமுன் இணையத்தில் எத்தனையோ பக்கம் வாசித்தேன், அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரும்பி வந்து ஒரு பெட்டி அல்வாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை போகிறேன்.

16 பெப்ரவரி

போனேன். நெல் அறுக்கிற நேரம், வயலில் மெசின் ஓடுது, சின்னம்மா திண்ணையில் இருந்தார். போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

கஹ்வாப் படத்தைப் பார்த்ததும் சிரித்தார். “எட்டா? கோப்பைய ஆட்டினா ஊத்தமாட்டாங்க மனே.” கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இப்படி இரண்டு பக்கமும் மெல்ல அசைக்க வேணும், போதும் என்று பொருள். அசைக்காதவரை ஊற்றுவது அவர்களின் கடமை. ஆக 5ஆம் திகதி நான் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த மனிதர் என் சைகைக்காகக் காத்திருந்திருக்கிறார்.

வாய்க்கால் படங்களை நீண்ட நேரம் பார்த்தார். அவர் வேலை செய்த வீட்டுக்குத் தண்ணீர் பவுசரில்தான் வரும். மொட்டை மாடித் தாங்கியில் எவ்வளவு நிற்கிறது என்று கம்பு விட்டுப் பார்ப்பதும் அவர் வேலை. “தண்ணி முடிஞ்சா எனக்குத்தான் ஏச்சு. அதனால என்ர உடுப்ப கடைசித் தண்ணியிலதான் தோய்ப்பன்.” நான் ஃபலஜ் ஒழுங்கைப் பற்றி எழுதியபோது முதலில் குடிக்க, கடைசியில் போகப் பயிர் என்று புகழ்ந்து எழுதினேன். அதே ஒழுங்கு ஒரு வீட்டுக்குள் இருந்தபோது அதன் கடைசியில் நின்றவர் இவர். அந்தக் குறிப்பில் எழுதிய ஒரு சொல்லையும் நான் மாற்றப் போவதில்லை, அந்த வாய்க்கால் அவ்வளவு பெரிய காரியம். ஆனால் இதையும் அதன் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

அந்த வீட்டு ஆச்சி நல்லவராம். வெள்ளிக்கிழமை லுபான் போட்டு, சின்னம்மாவின் தலைமுடிக்கும் புகை பிடிப்பாராம். வரும்போது ஒரு பை நிறையத் தந்துவிட்டார். எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் சிறு வயதில் நான் மணந்த அந்த எலுமிச்சை வாசம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் விளங்கியது.

“கடல்?” என்று கேட்டேன். “நான் அங்க கடலப் பாக்கல்ல. வந்தண்டைக்கு ராவு, போனண்டைக்கும் ராவு.” வீடு எந்த இடம் என்றும் தெரியவில்லை. மலை, மாடி, தாங்கி, பக்கத்து வீட்டு மாடியில் உடுப்புக் காயப்போடுகிற ஒரு கேரளத்துப் பெண். அவ்வளவுதான்.

பிறகு மத்ரா கடற்கரை வீதிப் படங்கள் வந்தன. ரியாம் பூங்காவுக்கு மேலே மலையில் வெள்ளையாக ஒரு பெரிய சாம்பிராணிச் சட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், தூரத்தில் இருந்தே தெரியும். சின்னம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “இந்தச் சட்டி! இது எங்கட மாடியில இருந்து தெரியும். நாலு வருசமும் ஒவ்வொரு நாளும் பாத்தன். இதுக்கு அங்கால என்ன இருக்கு?”

அடுத்த படத்தைத் தள்ளினேன். கடல்தான்.

17 பெப்ரவரி

வரைபடத்தில் பார்த்தேன். சட்டிக்குப் பின்பக்கப் பள்ளத்தில் வீடுகள் இருக்கின்றன. அங்கிருந்து கடற்கரைக்கு நடக்கிற தூரம்தான். சின்னம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

23 பெப்ரவரி

கல்லடி வாசகருக்கு. ஏப்ரல் நல்ல காலம் என்று 6ஆம் திகதி அவசரமாக எழுதிவிட்டேன், அதை மாற்றுகிறேன். வெயில் அப்போதே ஏறத் தொடங்கிவிடும். அதைவிடப் பெரிய விசயம் வெள்ளம். பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்காதீர்கள். வாதி என்று சொல்கிற காய்ந்த ஆற்றுப் படுக்கைகள் அங்கே எங்கேயும் உண்டு, வீதிகள் அவற்றைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. மலையில் பெய்த மழை, நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு துளியும் விழாமல், மதில் மாதிரி வந்து இறங்கும். 2024 ஏப்ரலில் அப்படி வந்த வெள்ளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செத்துப்போனார்கள். 2007இல் கோனு சூறாவளி மஸ்கட்டையே மூழ்கடித்தது. 1978 சூறாவளியைக் கண்ட எங்கள் ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

லீவு ஏப்ரலில்தான் என்றால் போங்கள். ஆனால் மழை என்று அறிவித்தால் வாதியில் வாகனத்தை இறக்க வேண்டாம், முன்னால் போகிறவன் இறக்கினாலும். வாதி பனி காலித் குளத்தில் குளிக்கப் போகிறீர்கள் என்றால் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். மணலில் தங்குவது ஒரு இரவு போதும், தண்ணீர்ப் போத்தல்களை இரண்டு மடங்காக எடுங்கள். முடியுமென்றால் டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளுங்கள்.

9 மார்ச்

கல்லடி வாசகர் பயணத்தை ஜனவரிக்கு மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது, எங்களுக்கும் அப்போதுதான்.

சின்னம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, எழும்பிப் போய்ப் பெட்டியில் இருந்து பழைய பாஸ்போட்டை எடுத்து வந்தார். காலாவதியாகி எத்தனையோ வருடம். வியாழக்கிழமை புதுப் படம் எடுத்தாச்சு. பெரும்போக அறுவடைக்கு முன் திரும்பிவிட வேணும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

அவருக்கு முழங்கால் வருத்தம், படி ஏற முடியாது. அந்தச் சட்டி இருக்கிற மேட்டுக்கு வாகனத்திலேயே போக வழி இருக்கிறதா, அல்லது கீழே பூங்காவோடு நிறுத்த வேணுமா? நான் போனபோது கடற்கரையால் நடந்துதான் பார்த்தேன், மேலே ஏறவில்லை. மத்ராப் பக்கம் வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.